நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, மகளோடு ஓர் இரவு

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிக்கொண்டிருந்தன. தினமும் செய்தி, தினமும் படம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கடல்லயே இருக்கிற ஆமைக்கு நீச்சல் தெரியாதா, அது எப்படிப்பா மூழ்கிச் சாகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததைவிட, அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்பதுதான் சட்டென்று உறைத்தது.

எங்கள் வீடு அம்பத்தூர். எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து நான் வீடு திரும்பும்போது அவள் பள்ளி வேனில் ஏறிக்கொண்டிருப்பாள், பகல் ஷிப்ட் என்றால் நான் வரும் நேரத்தில் தூங்கியிருப்பாள். சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, போனைக் கீழே வை, இந்த மூன்றைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு இல்லாமல் ஒரு வருடம் போயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. சண்டை இல்லாததால்தான் நான் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

உடன் வேலை செய்யும் ஒருவர்தான் ஆமை நடை பற்றிச் சொன்னார். சென்னையில் இது புதிய விஷயம் இல்லை. 1970களிலேயே, சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்தவர்களும் இதே கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள், பிறகு 1988இல் மாணவர்கள் சேர்ந்து கடல் ஆமைகளைப் பாதுகாக்க எஸ்.எஸ்.டி.சி.என். என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜனவரி தொடங்கி மார்ச் வரை பெண் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். தன்னார்வலர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் நடந்து, முட்டைக் குழிகளைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துப் போய்ப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். பணம் கட்டிப் பார்க்கும் காட்சி இல்லை இது. அவர்கள் வேலை செய்கிறார்கள், நாம் பின்னால் நடக்கிறோம், அவ்வளவுதான்.

நான் அவளிடம் போய், "வர்றியா, நைட்டு பூரா நடக்கணும், கண்டிப்பா ஆமை பார்க்கலாம்" என்றேன். அந்தக் "கண்டிப்பா" பெரிய தவறு, அதை அப்புறம் சொல்கிறேன்.

தை அமாவாசை முடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. கிளம்பும்போது என் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க, நீ பொண்ணைக் கூட்டிக்கிட்டு அதைத் தேடிப் போறியாடா" என்றார். "நாம வீட்டுக்குக் கூட்டிட்டு வரல பாட்டி, பார்க்கத்தான் போறோம்" என்று மகள் சமாதானம் சொன்னாள். மனைவியும் மூன்று வயது மகனும் வீட்டில். எல்லாரும் சேர்ந்து போகலாமே என்று முதலில் தோன்றியது, ஆனால் சின்னவன் வந்தால் பெரியவள் மறுபடி "அக்கா"வாகிவிடுவாள், விட்டுக்கொடு, பார்த்துக்கோ என்று நானே சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளையோடு மட்டும் ஓர் இரவு இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்காக மற்றவரிடம் பொறுப்பை விட்டுவிட்டுக் கிளம்புவதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம், அடுத்த முறை அவர்கள் போகட்டும், நீங்கள் வீட்டைப் பாருங்கள்.

தயாராவது பற்றி நான் கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் பிள்ளையைத் தூங்க வையுங்கள், தூக்கம் வராவிட்டாலும் இரண்டு மணி நேரம் படுக்கவாவது வையுங்கள், ஏனென்றால் இரவு இரண்டு மணிக்கு மேல்தான் சோதனையே. வெள்ளைச் சட்டை வேண்டாம், கருநீலம், பழுப்பு மாதிரி அடர்ந்த நிறம் நல்லது. கடற்கரைதானே என்று வெறுங்காலில் நடக்க விடாதீர்கள், உடைந்த பாட்டில், மீன் முள், அறுந்த வலை எல்லாம் இருக்கிறது. ரப்பர் செருப்பு ஈர மணலில் புதைந்து கழன்றுகொள்ளும், பின்னால் வார் இருக்கிற செருப்பு சரியாக இருக்கும். கழிவறைக்கு நடை தொடங்கும் முன்பே போய்விட வேண்டும், வழியில் கிடைக்காது. கடல் காற்று பின்னிரவில் நிஜமாகவே குளிரும், ஒரு துண்டோ மெல்லிய சால்வையோ போதும். சாப்பாட்டுக்கு மனைவி பொடி தடவிய இட்லி ஆறு கட்டிக் கொடுத்திருந்தார், அந்த இரவுக்கு அதைவிடச் சிறந்த உணவு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வண்டி விஷயத்தில் நான் யோசிக்கவே இல்லை. பைக்கை நீலாங்கரையில் நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினேன், நடை முடிவதோ ஏழு கிலோமீட்டர் தள்ளி பெசன்ட் நகரில். விடியற்காலை தூங்கி விழும் பிள்ளையோடு ஆட்டோ தேடித் திரும்பிப் போனேன். பெசன்ட் நகரில் வண்டியை விட்டுவிட்டு நீலாங்கரைக்கு ஆட்டோவில் போயிருந்தால் முடிந்த இடத்திலேயே வண்டி இருந்திருக்கும்.

நடப்பதற்கு முன் மணலில் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு கல்லூரி மாணவி பேசினார். இங்கே அதிகம் வருவது ஆலிவ் ரிட்லி, மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்பார்கள். இரண்டடிக்கு மேல் நீளம், நாற்பது கிலோ அளவுக்கு எடை. கடலிலேயே வாழ்ந்தாலும் நம்மைப் போல நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது, அதனால் அடிக்கடி மேலே வந்தாக வேண்டும், இழுவைப் படகின் மடிவலையில் சிக்கி நீருக்கடியிலேயே இழுபட்டால் மூச்சு முட்டி இறந்துவிடும். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதுவும் என்னிடமிருந்து இல்லை. ஒரு நொடி சின்ன வருத்தம் வந்தது, அப்புறம் யோசித்தால் அதுதான் நல்லது என்று பட்டது. எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயது அக்கா ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசுவதைப் பதினோரு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, நான் ஒரு மாதம் பேசினாலும் கொடுக்க முடியாத ஒன்று.

டார்ச் கூடாது, போன் வெளிச்சம் கூடாது என்றார்கள். கரையேறும் ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் திரும்பிவிடும். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்கோ எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் கடல், தெருவிளக்கு இருந்தால் சாலையை நோக்கிப் போய்விடும். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் நடக்கத் தொடங்கினோம், கடல் வலப்பக்கம்.

முதல் ஒரு மணி நேரம் சங்கடமாகத்தான் இருந்தது. நான் பேட்டி எடுப்பவர் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்கூல் எப்படிப் போகுது, கணக்கு டீச்சர் எப்படி, யாரு உன் பெஸ்ட் ஃப்ரெண்ட். எல்லாவற்றுக்கும் "ம்", "பரவால்ல", "தெரியல". கொஞ்ச நேரத்தில் என்னிடம் கேள்விகள் தீர்ந்துபோயின, இருவரும் சும்மா நடந்தோம். குழிநண்டுகள் கால் சத்தம் கேட்டு ஓடி ஒளிந்தன, அலை வந்து போனது. சும்மா நடப்பது இவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாலவாக்கம் பக்கத்தில் முன்னால் போனவர்கள் நின்றார்கள். செத்த ஆமை. ஓட்டின் ஓரம் உரிந்து, கழுத்து வீங்கி, நாற்றம். அவள் கண்ணை மூட என் கை தானாகப் போனது. அவள் என் கையை விலக்கிவிட்டு இன்னும் ஓர் அடி முன்னால் போய் நின்றாள். தன்னார்வலர் ஒருவர் அளவு எடுத்துக் குறிப்பேட்டில் எழுதினார், இன்னொருவர் மறுபடி எண்ணிவிடக் கூடாது என்று ஓட்டில் அடையாளம் போட்டார். "பொண்ணாண்ணா?" என்று கேட்டாள். வாலைக் காட்டி, ஆணுக்கு வால் நீளமாக வெளியே நீண்டிருக்கும், இது குட்டை, பெண்தான் என்றார் அவர். "அப்போ முட்டை உள்ளேயே இருக்குமா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. "இருந்திருக்கலாம்மா" என்றார்.

பிள்ளையை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போய், வேறு ஏதாவது காட்டி, ஒரு சாக்லேட் கொடுத்து அந்த நினைப்பை மாற்ற வேண்டும் என்றுதான் என் மனம் பரபரத்தது. அப்படிச் செய்யாமல் நின்றது அந்த இரவில் நான் செய்த மிகச் சரியான காரியம் என்று இப்போதும் நம்புகிறேன். அவள் போதும் என்று சொல்லும்வரை நின்றோம். அப்புறம் அவளே நடந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், நாலு வயதில் சந்தைக்குப் போகும்போது பிடிப்பாளே, அப்படி.

கொட்டிவாக்கம் தாண்டும்போது, நான் எதுவுமே கேட்காதபோது, பேச ஆரம்பித்தாள். ஜூனில் செக்‌ஷன் மாற்றினார்களாம், அவளோடு இருந்த இரண்டு பேரும் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்களாம், அதிலிருந்து மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். ஏழு மாதம். தினமும் டப்பா காலியாக வந்தது, அதைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். "ஏம்மா சொல்லல? நாளைக்கே நான் வந்து மிஸ்கிட்ட பேசுறேன், செக்‌ஷன் மாத்தச் சொல்றேன்" என்றேன். உடனே பேச்சு நின்றுவிட்டது. சட்டை நுனியிலிருந்து கையும் போய்விட்டது.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவள் புகார் கொடுக்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். நான் வேலையிடத்தில் இருக்கிற மாதிரி உடனே பழுதைச் சரிபார்க்கக் கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும், "சரி, நான் எங்கயும் வரல, யார்கிட்டயும் பேசல. நீ சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை "ம்" மட்டும் சொன்னேன். முன்பு அவள் எனக்குச் சொன்ன அதே "ம்". பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாளாம், அவளும் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம், ஆனால் போய்ப் பேசினால் என்ன நினைப்பாளோ என்று பயமாம். என்னென்னவோ சொன்னாள். என் நைட் ஷிப்ட் வாரங்களில் வீட்டில் டிவி சத்தம்கூட வைக்கக் கூடாது என்று அம்மா சொல்வது அவளுக்கு எவ்வளவு எரிச்சல் என்பதையும் சொன்னாள்.

வீட்டில் இதெல்லாம் ஏன் வரவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். வீட்டில் நான் பேசும்போது அவள் எதிரில் நிற்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், முகம் சுருங்கினால் பாதியில் நிறுத்திவிடுவாள். இங்கே இருட்டு. முகமே தெரியாது. இருவரும் ஒரே திசையைப் பார்த்து நடக்கிறோம், கைக்கு வேலை இல்லை, போன் இல்லை, முடிக்க வேண்டிய அவசரமும் இல்லை. ஆமை நடைதான் வேண்டும் என்று இல்லை. கரண்ட் போன இரவில் மொட்டை மாடியில் படுத்தாலும், பைக்கில் பின்னால் உட்காரவைத்து நீண்ட தூரம் போனாலும் இது நடக்கும் என்று இப்போது தெரிகிறது.

திருவான்மியூர் நெருங்கும்போது மணி இரண்டு இருக்கும். ஓய்வுக்கு உட்கார்ந்தபோது இட்லியைப் பிரித்தோம். கால் வலி, தூக்கம், இதுவரை உயிருள்ள ஆமை ஒன்றுகூட வரவில்லை. "கண்டிப்பா பார்க்கலாம்னு சொன்னீங்களே" என்றாள், குரல் உடைந்திருந்தது. வார்த்தை கொடுக்க எனக்கு என்ன உரிமை இருந்தது, ஆமை வருவதும் வராததும் ஆமையின் இஷ்டம். "தப்பா சொல்லிட்டேன்மா, வராமலும் போகலாம். நாம நடக்கப் போறோம்னுதான் நான் சொல்லியிருக்கணும்" என்று மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டு அவள் சமாதானமாகிவிடவில்லை. கோபமாகத்தான் மீதி இட்லியைத் தின்றாள். ஆனாலும் தின்றாள், எழுந்தாள்.

அப்புறம் அரை மணி நேரத்தில் தடம் கிடைத்தது. அலை தொடும் இடத்திலிருந்து மேலே, டிராக்டர் சக்கரம் ஓடினது மாதிரி ஒன்று, பக்கத்திலேயே இறங்கிப் போன தடம் இன்னொன்று. ஆமை வந்து, முட்டையிட்டு, போய்விட்டிருந்தது. மணல் கலைந்து கிடந்த இடத்தில் ஒரு மெல்லிய கம்பியை மெதுவாக, மெதுவாக இறக்கிப் பார்த்தார்கள், ஓரிடத்தில் மணல் இளகி உள்வாங்கியது. அங்கே கையால் தோண்டினார்கள். முழங்கை மறைகிற ஆழத்தில், குடத்தின் வயிறு போல விரிந்த குழியில், பந்து பந்தாக முட்டை. சின்ன ரப்பர் பந்து அளவு, வெள்ளை, தோல் மாதிரி மேல்புறம். ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப் பையில் வைத்தார்கள், எண்ணும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட விடாமல் சத்தமாக எண்ணினாள், தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. குழியின் ஆழத்தை அளந்துகொண்டார்கள், பொரிப்பகத்திலும் அதே ஆழத்தில்தான் புதைக்க வேண்டுமாம். மணலின் சூடுதான் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இது எனக்கே புதிது.

"அம்மா ஆமை திரும்பி வந்து பார்க்குமாக்கா?" என்று கேட்டாள். வராது என்றார் அந்த மாணவி. குழியை மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டி இறுக்கி, குழி இருக்கும் இடம் தெரியாமல் மேல்மணலைக் கலைத்துவிட்டுப் போகும், அதோடு அதன் வேலை முடிந்தது, குஞ்சுகள் தாங்களாகவே வெளியே வந்து தாங்களாகவே கடலுக்குப் போகும். மகள் ரொம்ப நேரம் அந்தத் தடத்தையே பார்த்தாள். "அவ்ளோ தட்டிட்டுப் போகுதா" என்றாள். நான் அவளுடைய அப்பா, நான் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று யாராவது நினைக்கலாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பேசாமல் நின்றேன்.

நாலு மணிக்குமேல் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் முட்டைகளைப் புதைத்து, எண்ணிக்கையும் தேதியும் எழுதிய அட்டையை நட்டார்கள். மீனவர்கள் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "கெடச்சுதா?" என்றார். "நூத்திப் பன்னெண்டு தாத்தா" என்று மகள்தான் பதில் சொன்னாள், ஏதோ தானே இட்ட மாதிரி.

அடுத்த நாள் முழுக்கத் தூங்கினோம். ஒரே இரவில் எங்கள் வீடு மாறிவிடவில்லை, போனுக்காகச் சண்டை அதே வாரத்தில் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை, டப்பாவில் இரண்டு இட்லி கூடுதலாக, பொடி நிறையத் தடவி வை என்று அம்மாவிடம் கேட்டாள். யாருக்கு என்று மனைவி கேட்க வாய் திறந்தபோது நான் வேண்டாம் என்று கண் காட்டினேன். சமையலறை நாட்காட்டியில் நாள் எண்ணத் தொடங்கினாள். 45 முதல் 60 நாளுக்குள் பொரியும் என்று சொல்லியிருந்தார்கள். ஆமை புகுந்த வீடு என்று சொன்ன என் அம்மாதான் தினமும் காலையில் "இன்னிக்கு எத்தனாவது நாள்டி?" என்று கேட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள், மார்ச் 23, பங்குனி பிறந்து ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, குஞ்சுகளைக் கடலுக்கு விடுவதைப் பார்க்கப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போனோம். சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, இரவு நடையை விட்டுவிடுங்கள், மார்ச், ஏப்ரலில் இந்த மாலைக்குப் போங்கள். அரை மணி நேரத்தில் முடியும், நடக்க வேண்டியதில்லை. குஞ்சைக் கையில் எடுக்கக் கேட்காதீர்கள், கூட்டத்தில் காலை எடுத்து வைக்கும் முன் கீழே பாருங்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். குஞ்சுகளைத் தண்ணீரில் கொண்டுபோய் விடுவதில்லை, கொஞ்சம் தள்ளி மணலில் விடுகிறார்கள், தாமாகவே நடந்து போக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள், ஓர் அலை வந்து புரட்டிப் போட்டு மறுபடி கரைக்கே தள்ளியது, மறுபடி நடந்தன. என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

எங்கள் குழியிலிருந்து தொண்ணூற்றேழு வந்தன. மீதிப் பதினைந்து என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மகள் கிளம்பினாள், சில முட்டைகள் பொரிவதில்லை என்று அமைதியாகப் பாட்டிக்கு விளக்கினாள்.

திரும்பும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்த தை மாதம் மறுபடி போகலாமா என்று கேட்டாள். போகலாம், தம்பிக்கும் நாலு வயசாகிடும், அவனையும் கூட்டிட்டுப் போவோமா என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவனை வேற ஒரு நாளு தனியா கூட்டிட்டுப் போங்கப்பா."